சட்டத்தில் ஓட்டை

விதிப் புஸ்தகங்களைப் படிப்பதில் எனக்கு வெகு நாளாக ஒரு சபலம் உண்டு. வாசகசாலை விதிகள், ரயில்வே சாமான் விதிகள், வீட்டு வசதிச் சங்கத்தின் உபவிதிகள் என்று எது கையில் கிடைத்தாலும் விடமாட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன ருசி என்று நண்பர்கள் கேட்பார்கள். ருசி இருக்கத்தான் இருக்கிறது. ஒரு பூங்கா வாசலில், 'இங்கே ஆடு மேய்க்கக் கூடாது' என்று பலகை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன அர்த்தம்? என்றைக்கோ ஒரு நாள் ஒரு மனிதர் ஆட்டை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். காவல்காரன் தடுத்திருக்கிறான். "கூடாது என்று எங்கே ஐயா எழுதியிருக்கிறது?" என்று அவர் கேட்டிருக்கிறார். மறுநாள் பலகை வந்துவிட்டது. ஆடும் போய்விட்டது, ஆட்டுக்காரரும் போய்விட்டார். பலகை மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு விதியும் இப்படி ஒரு கதையின் கடைசி வரிதான். முன்னால் நடந்ததை நாம் கற்பித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வகையில் நான் படித்தவற்றுள் மிகவும் ஸ்வாரஸ்யமானது எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்காக அச்சிட்ட விதிப் புஸ்தகம் அது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலேஜில் இரண்டு வருஷம் இருந்து, அதற்கு மேல் படிக்க வசதியில்லாமல் வெளியே வந்தவன். யந்திரங்களைப் பற்றி எனக்குள்ள ஞானம் சைக்கிளுக்குக் காற்றடிப்பதோடு நின்றுவிட்டது. ஆனாலும் அந்தப் புஸ்தகத்தில் கார்களின் அடிப்பாகத்தைப் பற்றிய அத்தியாயத்தை மூன்று இரவுகள் கண் விழித்துப் படித்தேன்.

என் தம்பி நெப்ராஸ்கா மாகாணத்தில் லிங்கன் நகரில் உத்தியோகமாயிருக்கிறான். ஒரு கோடைகாலம் முழுவதும் அவன் வீட்டில் போய் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார். ஐம்பது வயது, வழுக்கை, மெதுவான பேச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சின்னக் காரில் பள்ளிக்கூடம் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காரின் கதவில் ஒரு நம்பரை ஒட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் போவார். சாயங்காலம் நம்பரை உரித்துவிடுவார். மறுநாள் காலையில் அந்தக் கார் மறுபடியும் பள்ளிக்கூடத்து வாசலில் சாதுவாக நிற்கும்.

பந்தயம் என்றதும் இருபது கார்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவதாக நினைக்க வேண்டாம். இது வேறு வகை. பெரிய சிமெண்டு வெளியொன்றில் ரப்பர்க் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுகிறார்கள். ஒவ்வொரு காராக அதில் ஓடி வர வேண்டும். கடிகாரம்தான் எதிரி. முழு ஓட்டமும் ஒரு நிமிஷம் சுமாருக்குள் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் இரண்டு விநாடி தண்டம். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் என்று 1944-இல் தொடங்கிய ஒரு சங்கம் இதை நாடெங்கும் நடத்துகிறது. 1973 முதல் தேசியப் போட்டியும் உண்டு. லிங்கன் நகரின் பழைய ராணுவ விமானத் தளத்துச் சிமெண்டுத் தரையில் அந்தப் போட்டி நடந்துவருகிறது; ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் வந்து சேருகின்றன. விமானத்துக்காகப் போட்ட தரை கார்ப் பந்தயத்துக்கு வந்து சேருவது நமக்குப் புதிதல்ல. 1953-இல் ஏற்பட்ட மெட்றாஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் அமைத்துக்கொள்வதற்கு முன்பு, யுத்த காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஆயிரம் பேர் வந்தால் அவர்களைப் பிரிக்க வேண்டும். பணக்காரர் யந்திரத்தையே மாற்றிக்கொண்டு வருவார்; வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் போகிற காரில் வருவார். இருவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் நியாயமாகாது. அதனால் வகுப்புகள் பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் எளிய பிரிவுக்குத் 'தெரு வகுப்பு' என்று பெயர். கடையில் வாங்கிய காரைக் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவர வேண்டும். இந்தக் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லுக்குள்தான் அத்தனை வியாக்கியானமும் அடங்கியிருக்கிறது.

காரின் உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்பிரிங், சாக் அப்சார்பர், அவற்றைத் தாங்கும் கைகள், கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர்ப் புஷ்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததைச் சஸ்பென்ஷன் என்கிறார்கள். வளைவில் கார் திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது. நிறை தலைச்சுமைக்காரன் திரும்புகிற மாதிரிதான். உடம்போடு சக்கரமும் சாய்ந்து, டயரின் வெளி விளிம்பு மட்டும் தரையில் படுகிறது. பாதி டயர் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. இதற்கு முன்னேற்பாடாக, நிற்கும்போதே சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டால் வளைவில் அது நிமிர்ந்துகொள்ளும். டயர் முழுவதும் தரையைப் பிடிக்கும். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சாய்வுதான். பரிசு வாங்குகிறவனுக்கும் கைதட்டுகிறவனுக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவே. அதனால்தான் யந்திரத்தைப் பற்றிய சண்டையைவிட இந்த ஸ்பிரிங்குச் சண்டை அதிகம்.

புஸ்தகத்தின் மூலாதாரமான கொள்கை ஒன்றுதான்: செய்யலாம் என்று சொல்லியிருந்தாலன்றிச் செய்யக் கூடாது. இது சாமானிய விஷயமல்ல. நம்முடைய வாழ்க்கையை நடத்துகிற சட்டமெல்லாம் இதற்குத் தலைகீழ். கூடாது என்று எழுதாத எதையும் நாம் செய்யலாம். பூங்காவுக்குள் ஆடு வந்தது அந்தத் தைரியத்தில்தான். இங்கேயோ பலகையில், 'நடக்கலாம், உட்காரலாம்' என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் நிற்கலாமா? எழுதவில்லையே! நிற்கக் கூடாது.

காலேஜில் இருந்த அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் தமிழாசிரியர் நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளையும் தலைகீழாகச் சொல்ல வைத்தார். அவற்றில் கடைசி உத்தி உய்த்துணர வைப்பு. எல்லாவற்றையும் நூலாசிரியனே சொல்லிவிடாமல், கொஞ்சம் படிப்பவன் ஊகித்துக்கொள்ளும்படி விடுவது. கதை எழுதுகிறவனுக்கு அதுதான் சாப்பாடு. பந்தய விதி எழுதுகிறவனுக்கோ அதுதான் விஷம். அவன் ஊகத்துக்கு விடுகிற ஒவ்வோர் இடத்திலும் யாராவது ஒருவன் ஸ்பானருடன் நுழைந்துவிடுவான்.

சில விதிகளைப் பாருங்கள். நான் படித்த பதிப்பில் இருந்ததை என் வார்த்தையில் சொல்லுகிறேன். தெரு வகுப்பில் ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது, வெட்டவும் கூடாது. சுருளில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தால் கார் தாழும், மிஞ்சிய சுருளும் விறைப்பாகும், இரட்டை லாபம். சாக் அப்சார்பரை மட்டும் வேறு கம்பெனியின் சரக்காக மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்து போகிற சாமான் அல்லவா? ஆனால் எண்ணிக்கையும், மாட்டுகிற இடமும், மாட்டுகிற முறையும் மாறக் கூடாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாக் அப்சார்பரின் தண்டில் ஒரு ரப்பர்க் கட்டை உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்தால் இரும்போடு இரும்பு மோதாமல் தாங்குவதற்காக வைத்தது. யாரோ ஒரு புத்திசாலி, புது சாக் அப்சார்பர் போடுகிற சாக்கில் அந்தக் கட்டையின் உயரத்தைக் கூட்டியிருக்க வேண்டும். வளைவில் கார் கொஞ்சம் சாய்ந்ததுமே கட்டையின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பிரிங்கைத் தொடாமலே ஸ்பிரிங் விறைப்பாகிவிட்டது! இப்போது விதியில் என்ன இருக்கிறது தெரியுமா? அந்த ரப்பர்க் கட்டை ஸ்பிரிங்கின் தொழிலைச் செய்வதாகக் கருதப்படும். ஆகையால் அது முன்னைவிடச் சீக்கிரம் முட்டும்படி வைக்கக் கூடாது என்று இருக்கிறது. 'கருதப்படும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ரப்பரை ஸ்பிரிங் என்று கருதுவது பெரிய தத்துவம்! ஒரு பொருளுக்குப் பெயர் அதன் உருவத்தால் வருகிறதா, செய்கிற தொழிலால் வருகிறதா என்று நம் சாஸ்திரக்காரர்கள் மல்லுக்கட்டியதை இங்கே எண்ணெய்க் கையோடு ஒருவர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்திருக்கிறார்.

இன்னொன்று. காரின் சாய்வைக் குறைக்க, இரு பக்கத்துச் சக்கரங்களையும் இணைத்து ஒரு வளைந்த இரும்புக் கம்பி இருக்கும். ஆன்டி ரோல் பார் என்பார்கள். முன்னாலோ பின்னாலோ ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் மாற்றிய கம்பி வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படக் கூடாது என்று ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள். சில பழைய கார்களில் அந்தக் கம்பியே சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் கையாகவும் இருந்தது. கம்பியை மாற்றலாம் என்ற ஒரே அனுமதியைக் கொண்டு சக்கரத்தின் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? கதவைத் திறக்கச் சாவி கொடுத்தால் பெட்டியையும் அதே சாவியால் திறக்கிறவர்கள் உண்டு என்று விதி எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படி விதியோடு விளையாடியவர்கள் எல்லோரையும் மோசக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இங்கிலாந்தில் 1939-இல் '750 மோட்டார் கிளப்' என்று ஒரு சங்கம் ஏற்பட்டது. ஏழைகளும் பந்தயம் ஓட்டட்டும் என்று, மலிவான பழைய ஆஸ்டின் செவன் கார்களைக் கொண்டே பிற்பாடு அவர்கள் ஒரு வகுப்பை அமைத்தார்கள். அந்தக் காரின் யந்திரத்தில் சிலிண்டர் நான்கு. காற்றும் பெட்ரோலும் போகிற வாசல் இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு மூச்சுவிட்டன. 1951-இல் காலின் சாப்மன் என்ற வாலிபர் ஒவ்வொரு வாசலுக்கு நடுவிலும் ஒரு தடுப்பு வைத்தார். கூட்டுக் குடும்பம் தனிக் குடித்தனங்களாகப் பிரிந்த மாதிரி, நான்கும் சௌகரியமாக மூச்சுவிட்டன. தடுப்பு வைக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அவருடைய கார் எல்லோரையும் ஓட ஓட விரட்டியது. பிறகு விதி வந்துவிட்டது. சாப்மனும் போய்விட்டார், அவருடைய லோட்டஸ் கார்கள் பிற்பாடு உலகத்தையே ஜயித்தன.

தொழில்முறைப் பந்தயத்தில் 1981-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. காரின் அடிப்பாகம் தரைக்கு 6 சென்டிமீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்று புது விதி போட்டார்கள். தாழ்ந்தால் அதிக வேகம்; ஆகவே தடை. பிராபம் கார்களை வரைந்த கார்டன் மர்ரே யோசித்தார். ஓடுகிற காருக்கு அடியில் யார் அளவுகோல் வைத்து அளக்க முடியும்? நின்ற பிறகுதான் அளப்பார்கள். காற்றும் திரவமும் நிரப்பிய ஒரு சஸ்பென்ஷனைச் செய்தார். வேகம் ஏறியதும் காற்றின் அழுத்தம் காரைத் தரையோடு அமுக்கிவிடும். பந்தயம் முடிந்து மெதுவாக வரும்போது திரவம் ஒரு நுண்துளை வழியாகத் திரும்பிவந்து காரைப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். அளந்தால் சரியாக 6 சென்டிமீட்டர்! மற்றவர்கள் கூக்குரலிட்டார்கள். எந்தக் காரின் ஸ்பிரிங்தான் ஓடும்போது அமுங்கவில்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேச முடியவில்லை. அந்தக் காரில் பீக்கே அர்ஜென்டினாவில் ஜயித்தார். அந்த வருஷத்துச் சாம்பியன் பட்டமும் அவருக்கே. கூக்குரலிட்டவர்களும் சீக்கிரமே அப்படிப்பட்ட காரையே செய்துகொண்டார்கள்.

இந்தக் கதைகளை எல்லாம் பக்கத்து வீட்டு வாத்தியாரோடு அவர் ஷெட்டின் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு நாள் சொன்னார்: "இவர்கள் எல்லாரும் விதியைப் படித்தவர்கள். ராத்திரி யாரும் பார்க்காதபோது அரத்தை எடுக்கிறவன் விதியைப் படிக்கவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் வித்தியாசம்." அவர் இப்படிச் சொல்லிப் பத்து நாளைக்குள் அந்த அரம் அவருடைய காரிலேயே அகப்பட்டது.

அவருடைய காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர். அது மேலே உள்ள சாக் அப்சார்பரோடு இரண்டு போல்ட்டுகளால் இணைந்திருக்கிறது. கேம்பரைத் திருத்திக்கொள்ளத் தொழிற்சாலை தனியாக ஒரு வசதியும் வைக்கவில்லை. ஆனால் எந்தத் துவாரமும் போல்ட்டைவிட ஒரு மயிரிழை பெரிதாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் போல்ட் உள்ளே போகாது. போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தின் தலையை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்கினால் அந்த மயிரிழை அளவு சாய்வு கிடைக்கும். இதை விதி ஒப்புக்கொள்கிறது. தயாரிப்பில் இயற்கையாக அமைந்த இடைவெளியை அனுபவித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்காக எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. விபத்தில் வளைந்த காரைச் சரிசெய்ய மெல்லிய போல்ட் போடலாம் என்று தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் புஸ்தகத்திலேயே சொல்லியிருந்தால் அதையும் போடலாம். அரத்தால் துவாரத்தை ராவினால் மட்டும் குற்றம். சாய்வு ஒன்றுதான், வந்த வழி மூன்று. இரண்டு வழி தர்மம், ஒன்று அதர்மம்.

வாத்தியார் அந்தக் காரைப் பழையதாக வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சக்கரத்தில் ஏதோ இரைச்சல் வரவே, பேரிங் மாற்றுவதற்காக நக்கிளைக் கழற்றினார். மேல் துவாரம் வட்டமாக இல்லை. முட்டை மாதிரி இருந்தது. மறு பக்கத்தையும் கழற்றினார். அதுவும் முட்டை. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். கணக்கு வாத்தியார் அல்லவா? எனக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார்: இரண்டு போல்ட்டுகளுக்கும் நடுவே 60 மில்லிமீட்டர், ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரியை வைத்துக்கொண்டு அவர் முந்தின வருஷம் தம் வகுப்பில் முதலாவதாக வந்து ஒரு கண்ணாடிக் கோப்பை வாங்கியிருந்தார். கடைசிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவரைவிட ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்குதான் குறைவு. இரண்டாவதாக வந்தவர் தபால் ஆபீஸ் உத்தியோகஸ்தர். பதினைந்து வருஷத்துச் சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கார் ஓட்டினார்கள். ஒருவர் டயரை மற்றவர் மாற்றிக் கொடுப்பார்.

அன்று சாயங்காலம் நானும் அவரும் ஒரு பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டை என்ற சொல்லுக்கு எங்கள் பாஷையில் இன்னோர் உபயோகம் உண்டு, 'சட்டத்தில் ஓட்டை' என்போம், சட்டம் என்றால் விதி என்றும் பொருள், வண்டியின் இரும்புச் சட்டம் என்றும் பொருள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு அவர்மேல் பரிவாக இருந்தது. அவர் பக்கம் வக்கீலாகப் பேசிப் பார்த்தேன். "தேய்ந்து போயிருக்கலாம் அல்லவா? பழைய கார்தானே?" என்றேன்.

"இறுக்கி முடுக்கிய போல்ட் துவாரத்தைத் தேய்க்காது. தளர்ந்திருந்தால் தேயும்; அப்போது இரும்பு மழமழவென்று பளபளக்கும். இங்கே பாருங்கள், கோடு கோடாக இருக்கிறது. எல்லாக் கோடும் ஒரே திசை. இது கை வேலை" என்றார்.

"சரி, உங்கள் கை இல்லையே? திருத்திக்கொள்வதற்காக எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது என்றுதானே விதி? அந்த எண்ணம் உங்களுக்கு இருந்ததில்லை. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் ஏது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "மனிதனை விசாரிக்கிற சட்டத்தில் நீங்கள் சொல்வது செல்லும். இது காரை விசாரிக்கிற சட்டம். காருக்கு எண்ணம் கிடையாது. துவாரம் வட்டமா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி" என்றார். இன்னும் ஒன்றும் சொன்னார். போன வருஷம் வீல் அலைன்மென்ட் பார்த்த கடையில் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் கேம்பர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததாம். இயற்கையாக அமைந்த இடைவெளி தமக்குச் சற்றுத் தாராளமாக வாய்த்திருக்கிறது, அதிர்ஷ்டந்தான் என்று சந்தோஷப்பட்டாராம். "எனக்குப் பிடித்தமான வியாக்கியானம் அது. அதனால் அதற்கு மேல் நான் படிக்கவில்லை" என்றார்.

இந்த வாக்கியம் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. நாம் எல்லாரும் நமக்குப் பிடித்தமான வியாக்கியானம் வந்ததும் புஸ்தகத்தை மூடிவிடுகிறவர்கள்தாம். பாகப் பிரிவினைப் பத்திரத்தையும் அப்படித்தான் படிக்கிறோம்; புராணத்தையும் அப்படித்தான் படிக்கிறோம்.

அவர் மறுநாளே புது நக்கிள் இரண்டு வாங்கிவந்து மாட்டினார். அதோடு முடித்திருக்கலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் நான். நானோ மாதக் கடைசியில் விமானம் ஏறப் போகிறவன். ஆனால் அவர் உள்ளூர்க் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்ததைச் சொல்லி, போன வருஷத்து முதலிடத்தை ரத்து செய்து அடுத்தவருக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்.

கமிட்டி கூடியது. கமிட்டியிலும் புஸ்தகம் படித்தவர்கள் இருந்தார்கள். ஒருவருடைய காரைப் பற்றிப் புகார் என்றால் இன்னொருவர் எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டும். பணம் கட்ட வேண்டும். கழற்றிப் பார்க்கிற செலவு தோற்றவர் தலையில் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை அறிவித்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரம் போய்ப் பத்து மாசம் ஆகிவிட்டது. தன் பேரில் தானே புகார் கொடுத்துக்கொள்ளலாம் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலன்றிச் செய்யக் கூடாது. ஆகவே கோப்பை அவருடையதே என்று கமிட்டியார் தீர்ப்புச் சொன்னார்கள்!

வாத்தியார் கோப்பையை எடுத்துக்கொண்டு தபால்காரச் சிநேகிதர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. எங்களைத் துரத்திவிடுவார் என்றே நினைத்தேன். "உன் காரை முந்த முடியவில்லையே என்று ஒரு வருஷமாக ராத்திரி தூங்காமல் யோசித்தேன். என் ஓட்டத்தில்தான் கோளாறு என்று நினைத்து அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டால் அந்த ஒரு வருஷம் எதற்கு?" என்று சொல்லி, வாங்க மறுத்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் ஷெட்டுக்குள் போய் அந்தப் பழைய நக்கிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோப்பைக்கு இப்போது சொந்தக்காரர் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்குப் போயிருந்தபோது, நேரம் குறிக்கிறவர்களின் மேஜைமேல் அது இருந்தது. அதில் பென்சில்களைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த விதிப் புஸ்தகத்தை வருஷந்தோறும் திருத்துகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புத்திசாலி ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறான். அடுத்த பதிப்பில் அதை ஒரு வாக்கியத்தால் அடைக்கிறார்கள். அந்த வாக்கியத்தின் ஓரத்தில் இன்னோர் ஓட்டை விழுகிறது. இது முடியப் போவதில்லை. முடியவும் வேண்டாம் என்றே சொல்லுவேன். அந்தப் போட்டியிலும் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் எத்தனை பதிப்பு வந்தாலும் பரிசைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்றும், கொடுத்ததை வாங்க மறுப்பது எப்படி என்றும் அதில் எழுத முடியாது. எதையும் ஊகத்துக்கு விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர்கள்கூட அந்த இரண்டை மட்டும் உய்த்துணர வைத்திருக்கிறார்கள்.